பெரியம்மாவின் ரேடியோவும் என் நோட்டுப் புத்தகமும்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. காலேஜ் படிக்கும்போது விட்டுப்போனது, திரும்ப வரவே இல்லை. அதற்காக யார் வீட்டுப் பொங்கலையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கிறிஸ்துமஸ் கேக், ரம்ஜான் பிரியாணி விஷயத்தில் நான் தீவிர மத நல்லிணக்கவாதி.

2021 கடைசியில் நடந்தது இது. ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. பெங்களூர் வீட்டைக் காலி பண்ணிவிட்டு எருமப்பட்டியில் பெரியம்மா வீட்டு முன்னறையில் குடியேறியிருந்தேன். பழைய தையல் மிஷின்தான் மேஜை, பிளாஸ்டிக் சேர்தான் நாற்காலி. ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங். பெரியம்மாவுக்கு அதுதான் ரேடியோ நேரம்.

அன்றைக்கு மீட்டிங்கில் யாரோ ஏதோ படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையிலிருந்து ஒரு கம்பீரமான குரல்: "பிரியமானவர்களே, இந்த ராத்திரி வேளையிலே, கழுத்தின் இடது பக்கத்திலே வலியோடு, வேலைப் பாரத்தோடு உட்கார்ந்திருக்கிற ஒரு சகோதரனுக்காக ஜெபிக்கிறேன்..."

என் வலது கை அப்போது எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? கழுத்தின் இடது பக்கம். விரலில் தைலம்.

பெரியம்மா கதவோரம் எட்டிப் பார்த்தார். "உன்னையத்தான் கண்ணு சொல்றாரு."

நான் மைக்கை மூட மறந்திருந்தேன். "யாரோ கூப்பிடுகிறார்களா?" என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். "கர்த்தர்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "பெரியம்மா" என்று சொல்லி மூடினேன்.

அடுத்த நாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தினமும் கேட்டு, குறிப்பெடுத்து, நல்ல நகைச்சுவையாக ஒரு பதிவு எழுதிவிடலாம் என்று திட்டம். அந்தப் பதிவு இப்படி முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

(எந்த நிலையம், யார் பேசினது என்று எழுதப்போவதில்லை. இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு மதம் ஒரு பொருட்டே இல்லை. டிவியில் ராசிபலன் சொல்பவரும் இதே வேலையைத்தான் செய்கிறார்.)

பெரியம்மா கிறிஸ்தவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை நாமக்கல் ஆஞ்சநேயர், ஆடி பதினெட்டுக்குக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர், ராத்திரி ஒன்பதரைக்கு இயேசு. கேட்டால், "யாரு காதுல வுழுகுதோ அவிய குடுக்கட்டும்" என்பார். பெரியப்பா போய் ஏழு வருஷம். பையன் துபாயில். ராத்திரி அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஆள் ரேடியோதான். இது எனக்கு அப்போது ஒரு தகவலாகத்தான் தெரிந்தது.

தீவிலிருந்து வந்த குரல்

முதலில் எனக்கு எழுந்த கேள்வி தொழில்நுட்பக் கேள்வி. தமிழில் கிறிஸ்தவ ரேடியோ என்றாலே ஏன் எப்போதும் கடல் தாண்டி வந்திருக்கிறது?

இந்தியாவில் வானொலி ரொம்ப நாள் அரசாங்கத்தின் கையில் மட்டுமே இருந்தது. காலையில் பக்திப் பாடல்களில் ஒரு இந்துப் பாட்டு, ஒரு இஸ்லாமியப் பாட்டு, ஒரு கிறிஸ்தவப் பாட்டு என்று ஆகாசவாணி பங்கு பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒருவர் பிரசங்கம் பண்ண அங்கே இடமில்லை. அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசாங்கத்தின் தனியுரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-இல்தான். அதற்குப் பிறகு தனியார் எஃப்.எம். வந்தது. ஆனால் 2005-இல் போட்ட எஃப்.எம். கொள்கையிலும் மத அமைப்புகளுக்கும் அவற்றோடு தொடர்புடைய கம்பெனிகளுக்கும் உரிமம் இல்லை என்றே எழுதினார்கள்.

அதனால் பிரசங்கிகள் தீவுகளைத் தேடிப் போனார்கள். ஃபெபா என்ற அமைப்பு 1970-இல் இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கிற செஷல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் ஒலிபரப்ப ஆரம்பித்தது. செஷல்ஸ் நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 3000 கிலோமீட்டர். 2003 வரைக்கும் அந்தச் சிற்றலை ஓடியது. கத்தோலிக்கர்களுக்கு பிலிப்பைன்ஸிலிருந்து வெரித்தாஸ் வானொலி. அதன் தமிழ்ப்பணிக்கு நம்ம பக்கத்தில் நேயர் மன்றமே வைத்திருந்தவர்கள் உண்டு. 1931-இல் மார்க்கோனியே நேரில் நின்று கட்டிக்கொடுத்த வத்திக்கான் வானொலிக்கும் ஒரு தமிழ்ப் பிரிவு இருக்கிறது.

நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது இலங்கையின் புத்தளம். அங்கே டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் மத்திய அலை நிலையம், 882 கிலோஹெர்ட்ஸ், 400 கிலோவாட். 400 கிலோவாட் என்றால் எவ்வளவு? நம்ம தோட்டத்தில் 5 எச்.பி. கிணற்று மோட்டார் ஓடுகிறதே, அந்த மாதிரி நூறு மோட்டாருக்கு மேல். அத்தனை சக்தியும் ஒரே ஒரு குரலைத் தூக்கிக்கொண்டு வரும். புத்தளத்திலிருந்து எருமப்பட்டி நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

சரி, ஏன் ராத்திரியில்தான் நன்றாகக் கேட்கும்? பகலில் சூரிய ஒளி பட்டு, தலைக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற ஒரு அடுக்கு உருவாகும். மத்திய அலையை அது பஞ்சு தண்ணீரைக் குடிக்கிற மாதிரி குடித்துவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அலை இன்னும் மேலே போய், நூறு கிலோமீட்டருக்கும் மேலே உள்ள அடுக்குகளில் மோதித் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். மேலே அந்த அடுக்குகள் அசைவதால்தான் குரல் ஏறி ஏறி இறங்கும். யாருமில்லாத வீட்டில், இருட்டில், அலைமேல் மிதந்து வருகிற மாதிரி ஒரு குரல். அயனி மண்டலம் பிரசங்கியாருக்குப் பண்ணிக்கொடுத்த மாதிரி ஒரு பின்னணி இசை ஏற்பாடு, ஏ.ஆர். ரகுமானாலும் முடியாது.

கழுத்து வலிக் கணக்கு

இப்போது என் கழுத்துக்கு வருவோம். அவருக்கு எப்படித் தெரிந்தது?

நாமக்கல்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். உங்கள் முட்டைப் பண்ணைக்கு ஒரு சாமியார் வருகிறார். ஷெட்டில் பத்தாயிரம் கோழி. "நாளைக்கு இந்த ஷெட்டில் ஒரு கோழி இரட்டைக்கரு முட்டை இடும்" என்கிறார். இடும். கட்டாயம் இடும். புதிதாக முட்டைக்கு வந்த கோழிகள் என்றால் ஒன்றென்ன, பலதே இடும். எந்தக் கோழி என்று அவர் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் விஷயம்.

கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். நூற்றில் ஒருவருக்குத்தான் அந்த வலி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் ஆயிரம் பேர்தான். அந்த ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அந்த வலி இல்லாமல் போக வாய்ப்பு எவ்வளவு? 0.99-ஐ ஆயிரம் தடவை பெருக்க வேண்டும். விடை சுமார் 23,000-இல் ஒன்று. அதாவது பிரசங்கியார் தினமும் ஒரு தடவை சொன்னால், தப்பாகப் போக அறுபது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நூற்றில் ஒருவர் என்பதே ரொம்பக் குறைத்துப் போட்ட கணக்கு. லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிற நாற்பது வயசு ஆளுக்குக் கழுத்து வலி இல்லை என்றால்தான் அது அற்புதம்.

பதினோரு ராத்திரி நோட்டில் எழுதினேன். முழங்கால் வலி, இடுப்பு வலி, கடன், குடிக்கிற புருஷன், வரன் அமையாத மகள், விசா கிடைக்காத மகன், பக்கத்து வீட்டுக்காரனோடு வழக்கு, இன்னதென்று சொல்ல முடியாத மனபாரம். எருமப்பட்டி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றால் இந்தப் பட்டியல் முழுக்கக் கிடைக்கும். "வலது காலில் ஆறு விரல் உள்ள, பரமத்திவேலூரில் வெற்றிலைக்கொடி வைத்திருக்கிற சகோதரன்" என்று ஒரு நாளும் வரவில்லை.

இதில் கேட்பவரும் பாதி வேலை செய்கிறார். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, "இது உன் குணாதிசயம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்தான். பொதுவாகச் சொன்னதை நமக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்ள நாம் எப்போதும் தயார்.

அப்புறம் சாட்சிகள். "ஜெபம் கேட்டேன், வலி போச்சு" என்று கடிதம் எழுதுகிறவர்கள் உண்டு. "ஜெபம் கேட்டேன், வலி அப்படியே இருக்கு" என்று தபால் செலவு பண்ணி எழுதுகிறவர் யார்? எங்கள் தொழிலில் வெற்றியை மட்டும் பதிவு பண்ணி எர்ரரைப் பதிவு பண்ணாத சிஸ்டத்தைக் கொண்டுவந்தால் டெஸ்டிங் ஆட்கள் அடிக்க வருவார்கள். தவிர, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் ஜெபத்தைத் தேடுவார். உச்சத்துக்குப் பிறகு வலி இறங்கத்தானே வேண்டும்? அந்த நேரம் யார் பக்கத்தில் இருந்தாலும் பெயர் அவருக்குத்தான்.

இதை ஒழுங்காகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் ஹெர்பர்ட் பென்சன் குழு, இதய பைபாஸ் செய்துகொண்ட 1802 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டது. தனக்காக ஜெபம் நடக்கிறதா என்று தெரியாத இரண்டு குழுக்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் வந்தன. உனக்காகக் கட்டாயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்ட மூன்றாவது குழுவில் 59 சதவீதம். "எனக்காக இத்தனை பேர் ஜெபிக்கிறார்கள் என்றால் என் நிலைமை அவ்வளவு மோசமா" என்று அவர்கள் பயந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

பெரியம்மாவிடம் தோற்ற கதை

பன்னிரண்டாம் நாள், நோட்டை எடுத்துக்கொண்டு பெரியம்மா முன்னால் உட்கார்ந்தேன். எனக்குக் காலேஜ் நாளிலிருந்து ஆபிரகாம் கோவூர்தான் ஆதர்சம். கேரளத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்து, இலங்கையில் தாவரவியல் வாத்தியாராக இருந்து, அற்புதத்தை நிரூபிப்பவருக்கு லட்ச ரூபாய் தருகிறேன் என்று சவால் விட்ட மனிதர். 1978-இல் அவர் இறக்கும் வரைக்கும் அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. அந்த மிடுக்கோடு ஆரம்பித்தேன். கோழிக் கணக்கு, சாட்சிக் கணக்கு, பைபாஸ் கணக்கு எல்லாம் சொன்னேன்.

பெரியம்மா பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது செரி கண்ணு. அப்பறம் என்ற காலெரிச்சல் எப்புடிப் போச்சு?"

பெரியம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மூன்று வருஷமாகப் பாதம் இரண்டும் எரியும். ராத்திரி ஈரத் துணி சுற்றிக்கொண்டுதான் படுப்பார். அந்த வருஷம் ஆடி மாசம் ரேடியோவில் "பாத எரிச்சலோடு இருக்கிற ஒரு தாயாருக்காக" ஜெபம் நடந்ததாம். கால்மேல் கை வைத்து இவரும் ஜெபித்தாராம். அடுத்த ஒன்றிரண்டு மாசத்தில் எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து சுத்தமாக நின்றுவிட்டது. எரிச்சலுக்கென்று கொடுத்த ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டார். சர்க்கரை மாத்திரையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆகிவிட்டது. மாத்திரையை நிறுத்து என்று ரேடியோக்காரர் ஒரு நாளும் சொன்னதில்லை. பெரியம்மாவாக எடுத்த முடிவு அது.

நான் என்ன சொன்னேன்? "தற்செயல்தானுங் பெரிம்மா. அதுவா கொறைஞ்சிருக்கும்."

"அதுவா கொறையறதுக்கு மூணு வருசம் என்ன பண்ணுச்சாம்?" என்று சிரித்துவிட்டு ரேடியோவைப் போட்டார். அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தது அவர்தான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எரிச்சல் போனதற்கு யார் காரணம் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. கர்த்தரா, தற்செயலா? எரிச்சல் போனது நல்ல செய்தி என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. பகுத்தறிவுவாதி, பக்தை, இருவரில் ஒருவர்கூட அந்தக் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை.

முள்

நாலு நாள் கழித்துக் காலையில் திண்ணையிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் சிமெண்டுத் தரையில் ஒரு கறை. பழுப்பாக, அடிக்கு ஒன்றாக. கோழி ரத்தமோ என்று பார்த்தேன். கறை போய் முடிந்த இடத்தில் பெரியம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கழற்றச் சொன்னேன். அடியிலிருந்து மேல் வரைக்கும் ஒரு வேலிமுள், சீமைக்கருவேல முள், செருப்பைத் துளைத்துப் பாதத்தில் இறங்கியிருந்தது. எப்போது ஏறியது என்று கேட்டேன்.

"முள்ளா? எங்கே?"

நேற்றுச் சாயந்திரம் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனதோடு சரி என்றார். ஒரு ராத்திரி முழுக்க அந்த முள்ளோடு நடந்திருக்கிறார். அதே காலைத் தரையில் ஊன்றி ஜெபம் கேட்டிருக்கிறார். பக்கத்து அறையில் நான் நோட்டு எழுதியிருக்கிறேன்.

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. ஏனென்றால் இது நான் தினமும் சோறு தின்கிற தொழில். சர்வர்களைக் கண்காணிக்கிற சாப்ட்வேர்தான் எங்கள் குழு எழுதுவது. அபாய மணி அடித்துக்கொண்டே இருந்து திடீரென்று நின்றால் இரண்டு அர்த்தம் உண்டு. சர்வர் சரியாகிவிட்டது என்பது ஒன்று. மணி அடிக்கிற புரோகிராமே செத்துவிட்டது என்பது இன்னொன்று. புதிதாகச் சேருகிற பையன்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

சர்க்கரை வியாதியில் நரம்பு கெடும்போது முதலில் அடிபடுவது உடம்பிலேயே நீளமான நரம்புகள், அதாவது பாதத்துக்குப் போகிறவை. கெட்டுக்கொண்டிருக்கிற நரம்பு சும்மா இருக்காது. எரியும், குத்தும், எறும்பு ஊரும். சிலருக்கு ஒரு கட்டத்தில் அது தானாகக் குறையும். சர்க்கரை கட்டுக்குள் வந்து குறைவதும் உண்டு. நரம்பு மேலும் மேலும் கெட்டு, சேதி அனுப்புவதையே நிறுத்திவிடுவதும் உண்டு. எரிச்சலும் இருக்காது, முள்ளும் தெரியாது. வலியில்லாத புண்ணை யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்படித்தான் சின்னக் கீறல் பெரிய புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கிற அளவுக்குப் போகிறது.

முள்ளை நானே பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். பெரியம்மா வர மறுத்துவிட்டார். "வலியே இல்லாததுக்கு எதுக்குக் கண்ணு ஆசுபத்திரி? கர்த்தர் வலியத்தான் எடுத்துட்டாரே."

என் கோழிக் கணக்கு இங்கே எதற்கும் உதவவில்லை. இதே பெரியம்மாவிடம் பன்னிரண்டு நாளாக நான் சம்பாதித்திருந்த பெயர், எதைச் சொன்னாலும் இல்லை என்கிற ஆள். அந்த ஆள் சொல்லி யார் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்?

கொல்லிமலை டாக்டர்

வீட்டுப் பின்வாசலில் நின்றால் கொல்லிமலை தெரியும். ஒரு வழியும் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், எப்போதோ படித்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார்.

"பெரிம்மா, அந்த மலைமேல பொறந்த ஒரு டாக்டரு கதை சொல்றனுங்க. கேட்டுட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க" என்றேன். முள்ளோடு திண்ணையில் உட்கார்ந்தார். சொன்னேன்.

1913-இல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்று ஒரு ஆங்கிலேயத் தம்பதி கொல்லிமலையில் குடியேறினார்கள். கிறிஸ்தவ ஊழியக்காரர்கள். வாழவந்தியில் வீடு கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1914-இல் அவர்களுக்குப் பால் என்று ஒரு பையன் பிறந்தான். ஒன்பது வயசில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-இல் மலைக்காய்ச்சலின் கொடிய வகை ஒன்றில் ஜெஸ்ஸி இறந்துபோனார். தந்தி வந்த பிறகும் கப்பல் தபாலில் அப்பா எழுதிய கடிதங்கள் அந்தப் பையனுக்கு வந்துகொண்டே இருந்தன. ஈவ்லின் அம்மா வயசான காலத்தில் திரும்ப இந்த மலைக்கே வந்து, குதிரைமேல் ஊர் ஊராகப் போனார். 1974-இல், 95 வயசில் இறந்தார்.

"வெள்ளக்காரப் பாட்டி!" என்றார் பெரியம்மா. "எங்கப்பாரு பலாப்பழத்துக்கு மலையேறுவாரு. குதரையில ஒரு வெள்ளக்காரப் பாட்டி போவுதுன்னு சொல்லியிருக்காரு."

அந்தப் பாட்டியின் மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் விரல்கள் மடங்கிப்போன, தேய்ந்துபோன நோயாளிகளைப் பார்த்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் அன்றைக்கு டாக்டர்களே நம்பினார்கள். பிராண்டுக்குச் சந்தேகம். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினால் பிடி இரும்பு மாதிரி இருக்கிறதே, அழுகுகிற சதைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வரும்?

அவர் உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தார். துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு தொழுநோய்ப் பையன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்தான். பார்த்தால் விரல் எலும்பு தெரிகிற அளவுக்குக் கிழிந்திருக்கிறது, பையனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரியில் சிலருக்கு விரல் காணாமல் போகிறதே என்று காவல் இருந்து பார்த்தால், தூங்கும்போது எலி கடித்திருக்கிறது. வலி தெரியாததால் எழவில்லை. அப்புறம் ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். விரல்களைத் தின்றது நோய் நேரடியாக அல்ல, நோய் நரம்பைக் கெடுத்து வலியைத் திருடிக்கொண்டதுதான் காரணம் என்று இப்படித்தான் அவர் கண்டுபிடித்தார். மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்துகிற அறுவை சிகிச்சையும் அவர் வேலூரில் வளர்த்ததுதான்.

1966-இல் அமெரிக்காவுக்குப் போனார். கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனையில் வேலை. அங்கே சர்க்கரைக்காரர்களின் கால் புண்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, இதுவும் அதே கதைதான் என்று. தினமும் காலைப் பார், சரியான செருப்புப் போடு, புண்மேல் நடக்காதே என்று தொழுநோயாளிகளுக்குச் சொன்னதையே சர்க்கரைக்காரர்களுக்கும் சொன்னார். இன்றைக்கு உலகம் முழுக்கச் சர்க்கரைக் கால் பராமரிப்பில் அவர் பெயர் உண்டு. 2003-இல் இறக்கும் வரைக்கும் ஆழ்ந்த கிறிஸ்தவராகவே இருந்தார். வலி என்பது கடவுள் மனுஷனுக்குக் கொடுத்த பரிசு என்று கடைசி வரைக்கும் சொன்னார், எழுதினார்.

பெரியம்மா கொஞ்ச நேரம் மலையையே பார்த்தார். அப்புறம் காலைத் திருப்பி முள்ளைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு எரிச்சலக் குடுத்ததும் அவருதானா?"

எனக்குத் தொண்டை வரைக்கும் ஒரு பதில் வந்தது. பதினோரு நாள் நோட்டு எழுதினவனுக்கு வராதா? விழுங்கிக்கொண்டேன். "அந்த டாக்டரு அப்பிடித்தானுங்க நெனைச்சாரு" என்றேன். அது பொய்யில்லை.

"செரி, வண்டிய எடு."

நைலான் இழை

நாமக்கல்லில் டாக்டர் முள்ளை எடுத்துச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டார். பிறகு ஒரு நைலான் இழையை எடுத்தார். 10 கிராம் விசையில் வளைகிற மாதிரி செய்த இழை அது, அவ்வளவுதான் கருவி. பெரியம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிப் பாதத்தில் இடம் இடமாகத் தொட்டு, "இப்ப தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

பெரியம்மா பதிலே சொல்லவில்லை. டாக்டர் நாலு இடம் தொட்டு முடித்த பிறகு, கண்ணை மூடியபடியே, "எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை மாத்திரை மறுபடி தினமும். செத்த உணர்ச்சி திரும்பி வரவில்லை, பெரும்பாலும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்கத் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். உள்ளங்காலுக்குக் கீழே ஒரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டால் குனியாமலே தெரியும்.

தினமும் ஞாபகமாகச் செய்ய ஒரு நேரம் வேண்டுமே? மொபைலில் அலாரம் வைத்துக் கொடுத்தேன், இரண்டாம் நாளே அணைத்துவிட்டார். கடைசியில் அவராகவே நேரம் குறித்துக்கொண்டார். ராத்திரி ஒன்பதரைக்கு அந்தக் குரல் "பிரியமானவர்களே" என்று ஆரம்பித்ததும், பெரியப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்து, முதலில் இடது கால், பிறகு வலது கால், விரல் இடுக்கு ஒவ்வொன்றாக. ஜெபம் முடிவதற்குள் சோதனை முடிந்துவிடும். என்னால் எழுத முடியாத ஒரு நினைவூட்டும் புரோகிராம் அது. அதை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை, 23,000-இல் ஒன்று இன்னும் 23,000-இல் ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால், கால் எரிச்சல் போய்விட்டது என்று சொன்னால், யார் புண்ணியத்தில் போனது என்று விவாதம் பண்ணாதீர்கள். முதலில் காலைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கடைசியாக என் கழுத்து. நாமக்கல்லில் ஒரு நல்ல நாற்காலியும், லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்த ஒரு மரப்பெட்டியும் வாங்கினேன். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், எங்க பையனுக்கு ரேடியோவுல பேர் சொல்லாத கூப்பிட்டுச் சொகமாச்சு என்று. சாட்சிக் கடிதம் எழுதக் கார்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.

வாங்கி வந்தேன். நாற்காலி பற்றியும் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.